5.1 செட்டில் ஸ்டீரியோ பாட்டு: எந்த மோட், எந்த அமைப்பு?

தாழ்வாரம் (கேள்வி கேட்டவர்)

வணக்கம். ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். தரை விட்ரிஃபைட் டைல்ஸ். செட் 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் (சப்). ஃப்ரண்ட் இரண்டும் 5 அங்குல வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப். 6 அடி டிவி யூனிட்டின் இரண்டு முனையிலும் சுவரை ஒட்டி நிற்கின்றன. சென்டர் டிவிக்குக் கீழே. சரவுண்ட் இரண்டும் பக்கச் சுவரில், சோபாவுக்கு நேராக. 10 அங்குல சப் முன்பக்க மூலையில். சோபா பின்சுவரோடு சேர்ந்து கிடக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து தலை இருக்கும் இடம் வரை 13 அடி.

படத்துக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டுக்குத்தான் சரிவரவில்லை. கேட்பது பெரும்பாலும் கர்நாடகக் கச்சேரியும் 1960-களின் திரைப்பாடல்களும். சிடி பிளேயர் ஆப்டிகல் வழியாக, டிவி ஆப் ஏஆர்சி (டிவி ஒலி எச்டிஎம்ஐ வயரில் திரும்பி வருவது) வழியாக, சில நேரம் போனிலிருந்து புளூடூத்.

ஸ்டீரியோ மோடில் ஒலி மெலிந்துபோகிறது, சப் பேசவே இல்லை. ஆல் சானல் ஸ்டீரியோவில் நிறைவாக இருக்கிறது. ஆனால் பாடகர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியவில்லை, வயலின் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. டால்பி சரவுண்ட் மோடில் குரல் சென்டர் பெட்டிக்குள் போய் அடைந்துகொள்கிறது.

இதில் எது சரியான மோட்? இல்லை, பாட்டுக்கென்று தனி ஸ்டீரியோ ஆம்ப் வாங்கத்தான் வேண்டுமா?

---

சுருதிப்பெட்டி

ஆம்ப் வாங்குவதைத் தள்ளிவையுங்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் காரணம் உங்கள் விவரத்திலேயே இருக்கிறது.

முதலில் சப் ஏன் பேசவில்லை என்பது. ஸ்டீரியோ பதிவில் எல்எஃப்இ என்ற தனி பாஸ் சானல் கிடையாது, இருப்பது இடது, வலது இரண்டே. சப்புக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டுமென்றால் ரிசீவர்தான் (எல்லாப் பெட்டியையும் ஓட்டும் ஆம்ப்) ஃப்ரண்ட் ஸ்பீக்கரின் கீழ் ஒலியைப் பிரித்து அனுப்ப வேண்டும். ஃப்ரண்ட் "லார்ஜ்" என்று பதிவாகியிருந்தால் அது பிரிக்காது, முழு ஒலியையும் அந்த 5 அங்குல வூஃபர் தலையிலேயே ஏற்றிவிடும். மைக் வைத்து ரிசீவரே அளந்துகொள்ளும் ஆட்டோ கேலிபரேஷன் புக்‌ஷெல்ஃபைக்கூட லார்ஜ் என்று எழுதிவைப்பது சாதாரணமாக நடப்பது. ஸ்பீக்கர் செட்டப் மெனுவுக்குப் போய்ப் பாருங்கள்.

ஆல் சானலில் நிறைவாகக் கேட்டதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சென்டரும் சரவுண்டும் "ஸ்மால்" ஆக இருந்திருக்கும். அவற்றுக்குப் போன பாட்டின் பாஸ் அந்த வழியாகச் சப்புக்கு வந்திருக்கும். அதோடு ஐந்து பெட்டி சேர்ந்து ஒலிக்கும்போது மொத்த அளவு சில டெசிபல் கூடிவிடுகிறது. சத்தம் கூடினால் காதுக்கு நல்லதாகத் தோன்றும். மோடுகளை ஒப்பிடும்போது போனில் ஒரு ஒலி அளக்கும் ஆப் போட்டு, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது இது. ஃப்ரண்ட் ஸ்மால், கிராஸ்ஓவர் (எதற்குக் கீழுள்ள ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸ். சென்டர் 80 அல்லது 100. சரவுண்ட் பெட்டி சின்னது என்றால் 120. சப் மோட் "எல்எஃப்இ" மட்டும். "எல்எஃப்இ + மெயின்", "டபுள் பாஸ்", "எக்ஸ்ட்ரா பாஸ்" என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அதில் ஒரே பாஸ் ஃப்ரண்டிலும் சப்பிலும் சேர்ந்து வரும். சில சுரங்கள் வீங்கும், சில காணாமல் போகும். சப்பின் முதுகில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை முழுக்க மேலே திருப்பிவிடுங்கள், எல்எஃப்இ இன்புட் இருந்தால் அதிலேயே வயரைச் செருகுங்கள். அங்கே ஒரு வடிகட்டி, ரிசீவரில் ஒரு வடிகட்டி என்று இரட்டையாக வைத்தால் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை பள்ளம் விழும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி அந்தப் பகுதியில்தான் வாழ்கிறது.

இனி இடம். மெனுவைவிட எனக்கு இதில்தான் அதிக அக்கறை. 6 அடி இடைவெளியில் இரண்டு பெட்டி, 13 அடி தள்ளி நீங்கள். கோணம் போட்டுப் பார்த்தால் மொத்தம் 26 டிகிரிதான் வருகிறது. ஸ்டீரியோவுக்கு வேண்டியது 60 டிகிரி, அதாவது நடுவிலிருந்து பக்கத்துக்கு 30. 5.1 அமைப்புக்கான ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை பிஎஸ்.775-கூட ஃப்ரண்ட் இரண்டுக்கும் இதே 30 டிகிரியைத்தான் சொல்கிறது, சரவுண்டை 100 முதல் 120 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறது. உங்கள் கோணத்தில் கச்சேரி மேடை முழுவதும் டிவி அகலத்துக்குள் சுருங்கிவிடும். "மெலிந்துபோகிறது" என்று நீங்கள் எழுதியதில் பாதி பாஸ் இல்லாதது, மீதிப் பாதி இந்தச் சுருக்கம்.

ஃப்ரண்ட் இரண்டையும் யூனிட்டிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ட்வீட்டர் (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) உங்கள் காது உயரத்துக்கு, தரையிலிருந்து 36 முதல் 40 அங்குலத்துக்குள் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஏழரை அடி. முன்சுவரிலிருந்து (டிவி பக்கச் சுவர்) 2 அடி. பாட்டுக் கேட்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு நாற்காலியை ஸ்பீக்கர் வரிசையிலிருந்து ஏழரை அடியில் போடுங்கள். கோணம் 53 டிகிரி ஆகிவிடும், தாராளம். ஸ்பீக்கர் முகங்களை உள்பக்கம் திருப்பி, அவற்றின் நேர்கோடுகள் தலைக்கு ஓரடி பின்னால் சந்திக்கும்படி வையுங்கள். காது கூசினால் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பலாம்.

நாற்காலியை முன்னால் இழுப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 16 அடி நீளத்துக்கு ஹாலின் முதல் ஒத்ததிர்வு (சுவருக்குச் சுவர் மோதிப் பெருகும் ஒலி) 35 ஹெர்ட்ஸில் விழுகிறது. சுவரோரம் அது உச்சம், ஹாலின் நட்டநடுவில் அது ஏறக்குறைய பூஜ்யம். சோபாவில் கும்மென்று கேட்பதும் இதனால்தான். ஆகவே முன்சுவரிலிருந்து சரியாக 8 அடியில் உட்காராதீர்கள். நான் சொன்ன கணக்கில் நாற்காலி ஒன்பதரை அடியில் வரும், நடுவைத் தாண்டிவிடும்.

---

செம்புக்கம்பி

மேல சொன்னதெல்லாம் செய்யுங்க. அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் இதைப் பார்த்துடுங்க.

முதல்ல போலாரிட்டி. ரெண்டு ஃப்ரண்ட்ல ஒண்ணுக்கு பிளஸ் மைனஸ் மாறியிருந்தா பாஸ் செத்துடும், நடுக்குரல் பஞ்சு மாதிரி பறந்துடும். ரிசீவரை ஆஃப் பண்ணி, ஸ்பீக்கர் வயரை ரிசீவர்லேர்ந்து கழட்டிடுங்க. வயரோட அந்த முனையில ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்க. பிளஸ்ஸுக்கு பிளஸ் வச்சா கோன் வெளியே வரணும். உள்ளே போனா அந்த வயர் எங்கேயோ மாறியிருக்கு. ரிசீவரோட மாட்டி வச்சிக்கிட்டு மட்டும் இதைச் செய்யாதீங்க.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும், 30 அடி வரைக்கும் கவலையே வேண்டாம். டெர்மினல்ல ஒரு நூலிழை வெளியே நீட்டிக்கிட்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டா ரிசீவர் ப்ரொடெக்‌ஷனுக்குப் போகும். முனையை முறுக்கி, முடிஞ்சா பனானா பிளக் போட்டுடுங்க.

ரெண்டாவது, ரிசீவருக்கு உண்மையிலேயே ஸ்டீரியோதான் போகுதான்னு பாருங்க. ரிமோட்ல "இன்ஃபோ" அழுத்தினா வர்ற சிக்னல் எதுன்னு காட்டும். சிடிக்கு "பிசிஎம் 44.1" வரணும் (பிசிஎம்னா சுருக்காத டிஜிட்டல் ஒலி). டிவி ஆப்புக்கு "பிசிஎம் 48" வரலாம், அது சரிதான். "டால்பி டிஜிட்டல் 3/2.1"னு வந்தா, டிவி அந்த ரெண்டு சானலை 5.1 உறைக்குள்ள போட்டு அனுப்புதுன்னு அர்த்தம். அப்போ அப்மிக்ஸ் மோடெல்லாம் (ரெண்டு சானலை அஞ்சாப் பிரிக்கற மோடுங்க) வேலை செய்யாது. டிவியோட சவுண்ட் மெனுவுல டிஜிட்டல் அவுட்புட்டை "பிசிஎம்" ஆக்குங்க. டிவிக்குள்ள இருக்கற விர்ச்சுவல் சரவுண்ட், குரல் தெளிவு மாதிரி எல்லா அலங்காரத்தையும் அணைச்சுடுங்க. படம் பார்க்கறப்போ மறக்காம திரும்ப "ஆட்டோ"க்கு மாத்துங்க.

இன்னொண்ணு. ஸ்ட்ரீமிங் ஆப் சில ஆல்பத்தைத் தானாவே டால்பி அட்மாஸ்ங்கற பல சானல் வடிவத்துல கொடுக்கும். அது ஸ்டீரியோவே இல்ல, வேற மிக்ஸ். அதை ஸ்டீரியோ மோடுல கேட்டா ரிசீவர் அஞ்சு சானலைப் பிசைஞ்சு ரெண்டாக்கும், எல்எஃப்இ-யைப் பெரும்பாலும் தூக்கிப் போட்டுடும். பழைய ஸ்டீரியோ மிக்ஸ்தான் வேணும்னா ஆப் செட்டிங்ல டால்பி அட்மாஸை ஆஃப் பண்ணுங்க.

புளூடூத்துல போன் வால்யூமை முழுசா வச்சுட்டு ரிசீவர்ல குறைச்சுக்கோங்க. ஒப்பிட்டுக் கேக்கறதுக்கு மட்டும் சிடியையே வச்சுக்கோங்க.

---

நாலாம்கட்டை

மோடுகளைப் பற்றி. ஒவ்வொன்றும் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் எப்போது எதை அழுத்துவது என்பது தானே தெளிவாகிவிடும்.

ஸ்டீரியோ: இரண்டு சானல், இரண்டு பெட்டி, கூடவே கிராஸ்ஓவர் வழியாகச் சப். ஹாலுக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் ரூம் கரெக்‌ஷனும் வேலை செய்யும். உங்கள் இயல்பு மோட் இதுவாகவே இருக்கட்டும். யமஹா ரிசீவரில் "ஸ்ட்ரெய்ட்" அழுத்தினாலும் ஸ்டீரியோ சிக்னல் இப்படித்தான் வரும்.

டைரக்ட், ப்யூர் டைரக்ட்: பெயரைப் பார்த்து இதுதான் உயர்ந்தது என்று எண்ண வேண்டாம். டெனான், மராண்ட்ஸில் இவற்றை அழுத்தினால் ஆடிஸி என்ற அந்தத் திருத்தம் விலகிவிடும். சப் பேசுமா இல்லையா என்பது கம்பெனிக்குக் கம்பெனி, அனலாக்கா டிஜிட்டலா என்பதைப் பொறுத்தும் மாறும். 40 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை மெல்லிய அளவில் ஓடவிட்டு, சப் கோன் மீது விரல் நுனியை லேசாக வைத்தால் உடனே தெரிந்துவிடும். 5 அங்குலப் பெட்டிக்குச் சப் இல்லாத மோட் எதுவுமே நஷ்டம்தான்.

ஆல் சானல் ஸ்டீரியோ: இடது ஒலியை இடது சரவுண்டுக்கும், வலது ஒலியை வலது சரவுண்டுக்கும், இரண்டையும் கூட்டிச் சென்டருக்கும் கொடுக்கிறது. ஸ்டீரியோவில் நடுக்குரல் என்பது இரண்டு பெட்டியும் ஒரே ஒலியை ஒரே நேரத்தில் தருவதால் மூளை உண்டாக்கிக்கொள்ளும் உருவம். அந்த உருவத்தின் மேல் ஒரு நிஜச் சென்டர், இரண்டு காதோரமும் அதே குரல் என்று அடுக்கினால் உருவம் கலைந்துவிடும். வயலின் காதுக்குப் பக்கத்தில் கேட்பதும் இதனால்தான். தூரக் கணக்குப்படி ரிசீவர் எல்லாப் பெட்டியின் ஒலியையும் ஒரே கணத்தில் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கிறது, பிறகு எது முன், எது பின் என்று காது எதை வைத்துப் பிரிக்கும்? வீட்டில் விசேஷம், ஆட்கள் ஹால் முழுக்க நடமாடுகிறார்கள் என்றால் இந்த மோட் அருமை. உட்கார்ந்து கேட்க ஆகாது.

டால்பி சரவுண்ட், டிடிஎஸ் நியூரல்:எக்ஸ், பழைய ப்ரோ லாஜிக் 2: இவை அப்மிக்ஸர்கள். இரண்டு சானலிலும் ஒத்திருப்பதைச் சென்டருக்குத் தள்ளும், எதிர்க்கட்டத்தில் இருப்பதை, அதாவது கூடத்தின் எதிரொலி, கைதட்டல் போன்றவற்றை, பின்னால் தள்ளும். கச்சேரிப் பதிவுக்கு இது நன்றாகவே பொருந்தலாம். ஆனால் பாடகர் குரல் இரண்டு சானலிலும் ஒத்திருப்பதால் அது அப்படியே டிவிக்குக் கீழே இறங்கிவிடும். நீங்கள் கேட்ட குறை அதுவே. இதற்குத்தான் டால்பி சரவுண்ட் மெனுவில் "சென்டர் ஸ்ப்ரெட்" என்று ஒன்று உண்டு, ஆன் செய்யுங்கள். சென்டருக்குப் போவதில் ஒரு பகுதியை ஃப்ரண்ட் இரண்டுக்கும் திருப்பித் தரும், குரல் டிவி உயரத்துக்கு எழும்பி வரும். ப்ரோ லாஜிக் 2 உள்ள பழைய ரிசீவர் என்றால் "மியூசிக்" வகையைத் தேர்ந்தெடுத்து, "சென்டர் விட்த்" 3-லிருந்து 5 அல்லது 6-க்கு ஏற்றுங்கள். 7 வைத்தால் சென்டர் சுத்தமாக ஓய்ந்துவிடும். "பனோரமா" ஆஃப்.

இதில் கவனிக்க ஒன்று, தம்புரா. அது ஓயாமல் மீட்டப்படுவதால் அப்மிக்ஸரின் குறை முதலில் அதில்தான் வெளிப்படும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தம்புராவை மட்டும் காதால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பலமான அடிக்கும் அது பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து, அடி அடங்கியதும் திரும்பப் போனால், அது அப்மிக்ஸர் ஒலியைத் திசைமாற்றுவதன் மூச்சு. பழைய டிகோடர்கள் முழு அலைவரிசையையும் ஒன்றாகத் திருப்புவதால் இது அதிகம். 2014-இல் அட்மாஸோடு வந்த டால்பி சரவுண்ட் ஒலியைப் பல அலைப்பட்டைகளாகப் பிரித்துத் திருப்புகிறது, ஆகவே குறைவு. உங்கள் ரிசீவரில் தம்புரா அலைந்தால் அந்தப் பதிவுக்கு ஸ்டீரியோதான்.

1960-களின் திரைப்பாடல்கள் அநேகமாக மோனோ, அதாவது ஒரே சானல் பதிவு. இரண்டு சானலும் நூறு சதவீதம் ஒன்றே, அப்மிக்ஸர் மொத்தப் பாட்டையும் சென்டரில் கொட்டிவிடும். அவற்றை ஸ்டீரியோ மோடிலேயே கேளுங்கள். குரல், தபேலா, வயலின் கூட்டம் எல்லாமே இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உங்கள் அமைப்பில் ஏதோ பிசகு. மோனோ பாட்டைவிடச் சிறந்த சோதனைத் தட்டு எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு எச்சரிக்கை: பின்னாளில் "ஸ்டீரியோ" என்று வெளிவந்த சில பிரதிகளில் ஒரு பக்கம் கீழ் ஒலி, மறுபக்கம் மேல் ஒலி என்று பிரித்துப் போலி ஸ்டீரியோ ஆக்கியிருப்பார்கள். அவற்றைச் சோதனைக்கு எடுக்காதீர்கள், ரசிக்கவும் அவை தேறாது.

கச்சேரியில் வழக்கமாக நாம் பார்க்கும் திசையில் மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். ஆனால் பதிவு செய்தவர் மிக்ஸில் அப்படியே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இடம்மாறிக் கேட்டால் உடனே வயரைச் சந்தேகிக்காமல் வேறு இரண்டு பதிவைப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, ஆடிஸி உள்ள ரிசீவர் என்றால் "டைனமிக் ஈக்யூ" என்று ஒன்று இருக்கும். குறைந்த சத்தத்தில் பாஸையும் சரவுண்டையும் உயர்த்திக் காட்டும். அதன் கணக்கு சினிமா ஒலி அளவை வைத்துப் போட்டது, பாட்டுக்கு மிகையாகிவிடும். "ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்" 10 அல்லது 15 வைத்துக் கேளுங்கள், இல்லை அணைத்துவிடுங்கள். "டைனமிக் வால்யூம்" பாட்டுக்கு எப்போதும் ஆஃப்.

---

தாழ்வாரம்

மூவருக்கும் நன்றி. செய்தவை: ஃப்ரண்ட் லார்ஜ் என்றுதான் இருந்தது, ஸ்மால் 80 ஆக்கினேன். டிவி டால்பி டிஜிட்டல் அனுப்பிக்கொண்டிருந்தது, பிசிஎம் ஆக்கினேன். 28 அங்குல ஸ்டாண்ட், ஏழரை அடி இடைவெளி, நாற்காலி ஏழரை அடியில். போலாரிட்டி சரி. பிறகு ஆட்டோ கேலிபரேஷன் மறுபடி ஓட்டினேன். ஸ்டீரியோ மோடே இப்போது ஆல் சானலைவிட நிறைவாக இருக்கிறது.

மூன்று சந்தேகம் மிச்சம். சப்பில் சில சுரங்கள் மட்டும் வீங்குகின்றன. சப்புக்கான தூரம் 14 அடி என்று காட்டுகிறது, டேப்பில் அளந்தால் 9 அடிதான், திருத்தவா? மோனோ பாட்டு போட்டால் எல்லாமே நடுவிலிருந்து ஓரடி இடப்பக்கம் தள்ளி நிற்கிறது. பின்னால் எப்போதாவது ஸ்டீரியோ ஆம்ப் சேர்த்தால் எப்படி இணைப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

---

சுருதிப்பெட்டி

சப் தூரத்தைத் தொடாதீர்கள். அது அடிக்கணக்கு அல்ல, நேரக்கணக்கு. சப்புக்குள் இருக்கும் வடிகட்டியும் டிஜிட்டல் சுற்றும் ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்துகின்றன, ரிசீவர் அதையும் தூரமாக எண்ணிக்கொள்கிறது. ஓரடிக்கு 0.9 மில்லிசெகண்ட் என்று வைத்தால், கூடுதலாகக் காட்டும் 5 அடி நாலரை மில்லிசெகண்ட். 80 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 12.5 மில்லிசெகண்ட். டேப் அளவுக்குத் திருத்தினால் கிராஸ்ஓவரில் சப்பும் ஃப்ரண்டும் மூன்றில் ஒரு பங்குச் சுற்றுக்கும் மேல் பிசகிவிடும், பள்ளம் விழும். ஒத்துப்போகிறதா என்று பார்க்க 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, சப்பின் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிக் கேளுங்கள். நாற்காலியில் எது பலமாகக் கேட்கிறதோ அதுவே சரி. மாற்றும்போது யாராவது ஒருவர் சுவிட்ச் பக்கம் இருக்கட்டும், நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

வீங்கும் சுரங்களுக்கு மூலை காரணம். மூலையில் வைத்த சப் ஹாலின் எல்லா ஒத்ததிர்வையும் ஒருசேரக் கிளப்பும். உங்கள் ஹாலில் நீளத்துக்கு 35, அகலத்துக்கு 51, உயரத்துக்கு 56 ஹெர்ட்ஸ். 51-உம் 56-உம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அங்கே வீக்கம் எதிர்பார்க்க வேண்டியதுதான். சப்பை நாற்காலி இருக்கும் இடத்தில் தூக்கி வையுங்கள். பாஸ் ஏறி இறங்கி நடக்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, முன்சுவர் பக்கச்சுவர் ஓரமாகக் குனிந்து, தலையைச் சப் உயரத்துக்கு வைத்துக்கொண்டு நகர்ந்து வாருங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். பெரும்பாலும் சுவரின் நடுப்பகுதியிலோ, மூலையிலிருந்து மூன்று நாலடி தள்ளியோ அமையும். பிறகு கேலிபரேஷனை மறுபடி ஓட்ட வேண்டும். முடிந்ததும் சப்பின் லெவல் மைனஸ் 12-இல் முட்டி நின்றால் சப்பின் வால்யூம் குமிழ் அதிகம் என்று பொருள், குறைத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள்.

டைல்ஸ் தரைக்கு ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு கனமான ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். பாஸுக்கு அது ஒன்றும் செய்யாது, ஆனால் ஜாலராவும் "ஸ" ஒலியும் கூசுவது அடங்கும்.

---

நாலாம்கட்டை

ஆம்ப் இணைப்பு: உங்கள் ரிசீவரில் ஃப்ரண்ட் ப்ரீ அவுட் (பெருக்காத ஒலி வெளிவரும் துளை) இருந்தால்தான் வழி. ப்ரீ அவுட்டிலிருந்து ஸ்டீரியோ ஆம்பின் "ஹோம் தியேட்டர் பைபாஸ்" (HT Bypass) அல்லது "பவர் ஆம்ப் இன்" என்ற துளைக்கு ஆர்சிஏ வயர். ஃப்ரண்ட் ஸ்பீக்கர் வயரை ரிசீவரிலிருந்து கழற்றி ஆம்பில் மாட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒரே ஸ்பீக்கரில் இரண்டு ஆம்பையும் சேர்த்து மாட்டக் கூடாது, அவுட்புட் ட்ரான்சிஸ்டர் வெந்துவிடும். பைபாஸ் துளை இல்லாத ஆம்பில் சாதாரண ஆக்ஸ் இன்புட்டில் செருகினால் ஆம்பின் வால்யூம் குமிழை ஒரே இடத்தில் குறித்து நிறுத்த வேண்டும். ஒரு நாள் யாராவது அதை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டால் அடுத்து ரிசீவரை ஆன் செய்தவருக்கு ட்வீட்டர் போய்விடும். கேலிபரேஷனும் குமிழ் அந்தக் குறியில் இருக்கும்போதே ஓட்ட வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சிடி பிளேயரை நேராக ஸ்டீரியோ ஆம்பில் மாட்டினால் ரிசீவர் வழியில் இருக்காது, கிராஸ்ஓவரும் ரூம் கரெக்‌ஷனும் சப்பும் அதோடு போய்விடும். இப்போதுதான் சரிசெய்த அந்தப் பழைய மெலிவு அப்படியே திரும்பி வரும். 5 அங்குலப் பெட்டியை வைத்துக்கொண்டு அதற்குப் பணம் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அதே தொகையை ஃப்ரண்ட் ஸ்பீக்கரில் போட்டால் வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரியும்.

---

செம்புக்கம்பி

இடப்பக்கச் சாய்வுக்கு: ரிசீவரை ஆஃப் பண்ணி, இடது வலது ஸ்பீக்கர் வயரை ரிசீவர் முதுகுல மாத்தி மாட்டுங்க. அதே மோனோ பாட்டு. சாய்வு வலப்பக்கம் போச்சுன்னா தப்பு ரிசீவர்ல, அதாவது செட்டிங்ல இல்லன்னா ஆம்ப்ல. இடப்பக்கமே நின்னா ஸ்பீக்கரோ ரூமோ. அப்போ ரெண்டு பெட்டியையும் இடம் மாத்தி வைங்க. பெட்டியோட சாய்வும் போனா பெட்டி, போகலைன்னா ரூம்: ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல், மறுபக்கம் திறந்த வழி, இப்படி ஏதாவது.

மாத்திப் பார்த்துட்டு, ஃப்ரண்ட் ரெண்டுக்கும் தூரமும் லெவலும் என்ன காட்டுதுன்னு எழுதுங்க. கேலிபரேஷன் மைக்கை எங்கே வச்சீங்கன்னும் சொல்லுங்க.

---

தாழ்வாரம்

வயர் மாற்றினேன், சாய்வு வலப்பக்கம் போய்விட்டது. இடது 8.9 அடி, வலது 8.0 அடி. லெவல் இடது 0, வலது மைனஸ் 1. டேப்பில் நாற்காலித் தலைமாட்டிலிருந்து இரண்டுக்கும் சரியாக 8.4 அடி. ட்ரைபாட் இல்லாததால் மைக்கை நாற்காலியின் வலது கைப்பிடியில் வைத்திருந்தேன்.

---

செம்புக்கம்பி

அதேதான். மைக் ஒரு அடி வலப்பக்கம் இருந்ததால வலது ஸ்பீக்கர் கிட்டக்க இருக்குன்னு ரிசீவர் நம்பிடுச்சு. 0.9 அடிக்கு ஏறக்குறைய 0.8 மில்லிசெகண்ட் வலது ஒலியை நிறுத்தி அனுப்புது, அளவையும் ஒரு டெசிபல் குறைக்குது. நீங்க நடுவுல உட்கார்றப்போ இடது முந்திக்குது. ஒரு மில்லிசெகண்டுக்குள்ள எது முன்னாடி வருதோ அந்தப் பக்கம் உருவம் போயிடும், காதோட இயல்பு அது.

வயரைப் பழையபடி மாட்டிடுங்க. மைக்கைக் கைப்பிடியிலயோ மெத்தையிலயோ வைக்காதீங்க. கேமரா ட்ரைபாட் கிடைக்கலைன்னா உயரமான ஸ்டூல் மேல புத்தகத்தை அடுக்கி, நாற்காலியை நகர்த்திட்டு, உங்க தலை நடு வர்ற இடத்துல காது உயரத்துல மைக் நுனி கூரையைப் பார்த்து நிக்கணும். தூரத்தையும் லெவலையும் முதல் இடத்து அளவை வச்சுத்தான் ரிசீவர் எடுத்துக்கும், அதனால முதல் இடம் நூல் பிடிச்ச மாதிரி நடுவுல இருக்கட்டும். மத்த இடங்களை அதைச் சுத்தி ஒன்றரை ரெண்டு அடிக்குள்ள வைங்க. ஏசி, ஃபேன் ரெண்டும் ஆஃப்.

முடிஞ்சதும் இடது வலது தூரம் ரெண்டும் 0.1 அடிக்குள்ள ஒத்து வரணும். வரலைன்னா கையாலேயே ரெண்டுக்கும் 8.4 போட்டுடுங்க. அதுக்கப்புறமும் மோனோ பாட்டு துளி சாய்ஞ்சா, அந்தப் பக்க லெவலை அரை டெசிபல் குறைச்சுப் பாருங்க.